முறைவழிப் படூஉம்: ருதம் பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

வேளச்சேரியில் வசிக்கும் ஓர் இளம் பொறியாளர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். 2015 டிசம்பரில் அவர் வீட்டுத் தரைத்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது; 2019 கோடையில் அதே வீட்டின் ஆழ்துளைக் கிணறு வறண்டுபோனது. இரண்டு தடவையும் குடும்பப் பெரியவர் ஒருவர், இயற்கையின் சமநிலையைக் கெடுத்தோம், ருதம் (வேதம் சொல்லும் பேரண்ட ஒழுங்கு) குலைந்தது, கர்மம் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது என்று சொன்னாராம். அவர் கேட்டவை இவை: இந்து சமய நூல்களில் பேரண்ட ஒழுங்கு, இயற்கைச் சமநிலை என்ற கருத்துகள் உண்மையிலேயே உள்ளனவா? ருதம், தர்மம், கர்மம் மூன்றும் ஒன்றுதானா? வெள்ளத்தையும் வறட்சியையும் இவற்றைக் கொண்டு விளக்குவது பொருந்துமா? இன்றைய சூழல் அறிவியலோடு இவை ஒத்துப்போகின்றனவா? மழைக்காகச் செய்யும் ஜபங்களை எப்படி எடுத்துக்கொள்வது? அவருக்கு நான் எழுதிய பதில் இது.

ஒழுங்கு என்ற கருத்து உண்டு. அது மிகப் பழமையானது. சமநிலை என்ற சொல்தான் நம்மை வழிதவறச் செய்கிறது. அச்சொல்லைக் கேட்டதும் இரு தட்டும் நேராக நிற்கும் தராசு ஒன்று கண்முன் வருகிறது. வேதமும் சரி, சங்கப் பாடலும் சரி, அத்தகைய அசையாத் தராசைப் பற்றிப் பேசவில்லை. அவை பேசுவது நடையைப் பற்றி: ஒன்றன்பின் ஒன்றாக, தத்தம் வேளையில், தத்தம் வழியில் எல்லாம் நடந்துகொண்டிருப்பதைப் பற்றி. இதற்குத் தமிழில் நேரான சொல் ஒன்று இருக்கிறது, அது 'முறை'. இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தாமாகவே தெளியும் என்பது என் கருத்து.

முதலில் ருதம். இது 'செல்லுதல்' என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் வேதச் சொல். பருவத்தைக் குறிக்கும் 'ருது' அதன் உடன்பிறப்பு. பெண் பூப்பெய்துவதை நம் வீடுகளில் 'ருதுவானாள்' என்று சொல்கிறோமே, அந்த வழக்கிலும் 'உரிய காலம் வந்தது' என்ற பழைய பொருள் தங்கியிருக்கிறது. ருதத்தின் எதிர்ச்சொல்லான 'அந்ருதம்' என்பதற்குப் பொய் என்று பொருள். ஆக, சூரியன் தன் பாதையில் செல்வதும், கார்காலம் தன் மாதத்தில் வருவதும், மனிதன் உண்மை பேசுவதும் அந்தக் கவிகளுக்கு ஒரே சொல்லுக்குள் அடங்கும் செய்திகள். பாரசீகரின் மறைநூலான அவெஸ்தாவில் வரும் 'அஷ' என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், ரிக்வேதம் உருப்பெறுவதற்கு முன்பே இக்கருத்து இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் கருதுகின்றனர்.

ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 190ஆம் பாடலாக மூன்றே மந்திரங்கள் கொண்ட ஒரு சூக்தம் இருக்கிறது. நீராடும்போது சொல்லப்படும் அகமர்ஷண சூக்தம் அதுவே. மூண்டெழுந்த தவத்திலிருந்து ருதமும் சத்தியமும் பிறந்தன; அதன்பின் இரவு பிறந்தது; பிறகு அலைவீசும் கடல்; கடலிலிருந்து ஆண்டு; படைத்தவன் சூரியனையும் சந்திரனையும் 'யதா பூர்வம்', அதாவது முன்பிருந்தபடியே, அமைத்தான் என்று அது சொல்கிறது. இந்த வரிசையைக் கவனியுங்கள். கடலும் வானும் மண்ணும் தோன்றுவதற்கு முன்பே ஒழுங்கு தோன்றிவிடுகிறது. பொருள்கள் முதலில் உண்டாகி, அவற்றின்மேல் யாரோ பின்னர் விதியை ஏற்றினார்கள் என்ற கதை இங்கே இல்லை. 'முன்பிருந்தபடியே' என்ற சொல்லைக் கொண்டு, இது முதல் படைப்பு அன்று, முன்பும் உலகங்கள் இருந்து ஒடுங்கின என்று மரபான உரையாளர்கள் பொருள் கொண்டனர். அதற்குப் பிறகு வருவோம்.

இந்த ஒழுங்கின் காவலனாக வேதம் காட்டும் தெய்வம் வருணன். 2019 கோடையில் சென்னையிலும் பிற ஊர்களிலும் கோயில்களில் வருண ஜபம் நடந்தபோது, பெரிய அண்டாக்களில் நீர் நிரப்பி, அதில் கழுத்தளவு அமர்ந்து அர்ச்சகர்கள் மந்திரம் சொன்ன படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்தவர்கள் வருணன் என்றால் மழைக்கடவுள் என்று மட்டுமே எண்ணியிருப்பார்கள். ரிக்வேதத்தில் மழையைப் பொழிபவன் பர்ஜன்யன். மழைநீரை அடைத்து வைத்த விருத்திரனைக் கொன்று ஆறுகளை விடுவிப்பவன் இந்திரன். வருணனின் வேலை வேறு. சூரியனுக்கு அகன்ற பாதையை வகுத்தவன் அவன். இரவில் தெரிந்த விண்மீன்கள் பகலில் எங்கே போயின என்று ஒரு கவி வியந்து, வருணனின் விதிகள் ஏமாற்ற முடியாதவை என்று தானே விடை சொல்லிக்கொள்கிறார். ஆறுகள் வருணனின் ருதத்தின்படி ஓடுகின்றன, அவை களைப்பதும் இல்லை, நிற்பதும் இல்லை என்கிறது இன்னொரு பாடல். வசிட்டர் அவனிடம், நான் என்ன பிழை செய்தேன், சொல், என்று மன்றாடுகிறார். மழை கொடு என்று நாம் கேட்கும் தெய்வம் ஒன்று. என் பிழை என்ன என்று நம்மைக் கேட்க வைக்கும் தெய்வம் மற்றொன்று. காலப்போக்கில் வருணன் கடலின் தெய்வமானான். தொல்காப்பியமும் 'வருணன் மேய பெருமணல் உலகமும்' என்று நெய்தல் நிலத்துக்கு அவனையே உரியவனாக்குகிறது. அந்தக் கணக்கில் திருவொற்றியூர் முதல் திருவான்மியூர் வரை நம் கடற்கரை முழுவதும் அவன் எல்லைதான்.

இனித் தமிழுக்கு வருவோம். புறநானூற்றின் இரண்டாம் பாட்டு, நிலம், விசும்பு, வளி, தீ, நீர் என்று ஐந்தையும் ஒன்றை ஒன்று தாங்கியும் தழுவியும் முரண்பட்டும் நிற்பனவாகத் தொடுத்துச் சொல்கிறது. 'தீ முரணிய நீரும்' என்ற தொடரில் முரணும் ஒழுங்கின் ஓர் உறுப்பாகவே வைக்கப்பட்டிருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். அதே பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர், 'பாஅல் புளிப்பினும் பகல் இருளினும் நாஅல் வேத நெறி திரியினும்' நீ திரியாது நிலைபெறுவாயாக என்று சேரனை வாழ்த்துகிறார். பகல் இருள்வதும் வேத நெறி பிறழ்வதும் ஒரே வகையான, நடக்கக்கூடாத நிகழ்ச்சிகளாக ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ருதம் என்ற சொல் இல்லை. கருத்து அப்படியே இருக்கிறது.

சொல்லும் இருக்கிறது என்பதற்குக் கணியன் பூங்குன்றனாரைப் பார்க்க வேண்டும். 'யாதும் ஊரே' என்ற முதல் வரியோடு நாம் நிறுத்திக்கொள்ளும் அந்தப் பாட்டின் நடுவில், மின்னலோடு மழை பெய்து, கல்லை மோதி இரையும் பேராற்றில் நீரோட்டத்தின் வழியே செல்லும் தெப்பத்தைப் போல, 'ஆருயிர் முறைவழிப் படூஉம்' என்று வருகிறது. இங்கே முறை என்பதற்கு ஊழ் என்று பொருள் கொள்வது வழக்கம். திருக்குறளின் ஊழ் அதிகாரத்துக்கு முன்னுரை எழுதும் பரிமேலழகரோ, ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி என்பன ஒரு பொருட்கிளவி என்று அடுக்கிச் செல்கிறார். இந்த அடுக்கில் 'முறை', 'உண்மை' என்ற இரண்டும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். 'ருதம் ச ஸத்யம் ச' என்று வேதம் பிறப்பித்த அதே இரட்டையர்! உரையாசிரியர் மனத்தில் அந்த மந்திரம் இருந்தது என்று நான் வாதிட மாட்டேன்; இரு மொழிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பதே எனக்குப் போதும்.

அன்றாடத் தமிழில் இந்தச் சொல் எத்தனை வேலை செய்கிறது என்றும் எண்ணிப்பாருங்கள். அவர் உனக்கு என்ன முறை என்று உறவைக் கேட்கிறோம். முறை செய்தான் என்றால் நீதி வழங்கினான். இது உன் முறை என்றால் உனக்கு உரிய வேளை வந்திருக்கிறது. ஏரிப் பாசனத்தில் முறைநீர் உண்டு. மடை திறந்ததும் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று வகுத்து, அதன்படி தண்ணீரை விடும் ஏற்பாடு அது. மேல்மடைக்காரன் தன் நேரம் முடிந்தபின்னும் மடையை அடைக்காமல் விட்டால் ஊரே கூடி நியாயம் கேட்கும். உறவு, நீதி, வேளை, பங்கு ஆகிய நான்கும் ஒரு சொல்லுக்குள் நிற்பதால்தான் வள்ளுவரால், 'முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்' என்று எழுத முடிந்தது. அரசன் முறை தவறினால் வானம் பருவம் தவறும் என்பது அதன் பொருள். (வள்ளுவரை இந்து சமய நூலாசிரியர் என்று சொல்லலாமா என்பது தனி வழக்கு, அதை நான் இங்கே தொடவில்லை. அவர் இந்த மண்ணின் பொதுச் சிந்தனையைச் சொல்கிறார் என்ற அளவில் எடுத்துக்கொள்கிறேன்.)

மனிதனுக்கு இந்த ஒழுங்கில் என்ன வேலை என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கிடைக்கிறது. உயிர்கள் உணவால் உண்டாகின்றன; உணவு மழையால்; மழை வேள்வியால்; வேள்வி செயலால். இவ்வாறு சுழலும் சக்கரத்தைத் தன் பங்குக்குச் சுழற்றாமல் உண்பவன் வீணே வாழ்கிறான் என்றும், தேவர்கள் தந்ததை அவர்களுக்குத் திருப்பித் தராமல் நுகர்பவன் திருடனே என்றும் கண்ணன் சொல்கிறான். திருடன் என்பது கடுமையான சொல். இயற்கையிடமிருந்து எடுப்பதை அது பாவம் என்று சொல்லவில்லை. எடுத்துவிட்டுக் கணக்கை முடிக்காமல் எழுந்து போவதைத்தான் திருட்டு என்கிறது.

இதே எண்ணம் வீட்டுக்குள் இறங்கி வந்தபோது எடுத்த வடிவம், நான் படித்தவற்றுள் மிக நேர்மையான பகுதிகளில் ஒன்று. மனுஸ்மிருதியின்மீது எனக்குக் கடுமையான மறுப்புகள் உண்டு. ஆயினும் அதன் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் இந்தச் செய்தியை மறைக்க முடியாது. ஒவ்வொரு இல்லறத்தானின் வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் இருக்கின்றன என்கிறது அது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என்பவை அவை. யாருக்கும் தீங்கு நினைக்காத குடும்பமும் தினமும் சமைத்து, அரைத்து, பெருக்கி, குற்றி, நீர் மொண்டு வைப்பதில் எண்ணற்ற சிற்றுயிர்களைக் கொல்கிறது. இதற்கு ஈடாகவே ஐந்து பெருவேள்விகள் விதிக்கப்பட்டன: ஓதுதல், முன்னோர்க்கு நீர்க்கடன், தேவர்க்கு அவி, பிற உயிர்களுக்குப் பலி, விருந்தினர்க்கு உணவு. காலையில் அரிசி மாவால் இட்ட கோலத்தை எறும்பு தின்பதும், நண்பகலில் மாடிச் சுவரில் ஒரு கவளம் சோற்றை வைத்துக் 'கா, கா' என்று கூப்பிடுவதும் இந்த வரிசையில் வருபவை. இன்று மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் கல்மாவுக் கோலமும் ஒட்டுக் கோலமும் பெருகிவிட்டன. எறும்புக்கு அவற்றால் பயனில்லை.

தமிழில் 'கடன்' என்ற சொல் கடமையையும் வாங்கிய பணத்தையும் ஒருங்கே குறிப்பது தற்செயல் அன்று என்றே நினைக்கிறேன். பிறக்கும்போதே மனிதன் கடன்காரனாகப் பிறக்கிறான் என்பது வேத காலக் கருத்து. ஆனால் வள்ளுவர் இங்கே ஒரு படி விலகி நிற்கிறார். 'கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்னாற்றுங் கொல்லோ உலகு' என்று கேட்கும்போது, மழைக்கு நாம் எதையும் திருப்பித் தர முடியாது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். கீதையின் சக்கரத்தில் மழையும் வேள்வியும் கொடுக்கல் வாங்கலாக நிற்கின்றன. குறளில் மழை கைம்மாறு கருதாது பெய்துவிட்டுப் போகிறது, மனிதன் அந்தக் கொடையைச் சக மனிதனிடம் காட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது எளிது. ஆனால் அவை ஒன்றல்ல.

சமநிலை என்ற சொல்லை நேரடியாகவே பயன்படுத்தும் தத்துவம் ஒன்று உண்டு, அது சாங்கியம். மணிமேகலையின் 27ஆம் காதையில் தன் கொள்கையைச் சொல்லும் சமயவாதிகளுள் சாங்கியனும் ஒருவன். சத்துவம், இராசதம், தாமதம் என்ற முக்குணங்களும் ஏற்றத்தாழ்வின்றிச் சமமாக நிற்கும் நிலையே மூலப் பகுதி, வடமொழியில் பிரகிருதி. அந்த நிலையில் உலகம் இல்லை. குணங்களுள் ஒன்று மிகுந்து மற்றவை குறையும்போதுதான் படைப்பு தொடங்குகிறது. அறிவும் மனமும் ஐம்பூதங்களும் அந்தக் குலைவிலிருந்து விரிகின்றன. நீங்களும் நானும் இந்தக் கடிதமும் ஒரு சமநிலை குலைந்ததன் விளைவுகள் என்பதுதான் சாங்கியத்தின் கூற்று. ஆகவே, இயற்கை எப்போதும் முழுச் சமநிலையில் இருந்தது, மனிதன் வந்து கெடுத்தான் என்ற கதையை இந்து தத்துவத்தின் பெயரால் சொல்பவர்கள் தம் சொந்த நூல்களையே சரியாகப் பார்க்கவில்லை. உடலைப் பொறுத்தவரை மட்டும், வாதம், பித்தம், கபம் மூன்றும் அளவோடு நிற்பதே நலம் என்று சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் சொல்கின்றன; 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்ற குறளும் அதையே சொல்கிறது. அங்கும்கூட அந்த அளவு பருவத்துக்குப் பருவம், வயதுக்கு வயது மாறும்.

காலக் கணக்கிலும் இந்த அசைவைக் காணலாம். வீட்டில் எந்தச் சடங்கு நடந்தாலும் புரோகிதர் சங்கல்பத்தில், சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், கலியுகம், முதல் பாதம் என்று தொடங்கி, நாம் நிற்கும் இடத்தைக் காலத்தின் நெடுஞ்சாலையில் குறித்த பிறகே ஊரும் நாளும் சொல்வார். கலியுகம் 4,32,000 ஆண்டுகள். நான்கு யுகங்களும் சேர்ந்து 43,20,000. அப்படி ஆயிரம் சேர்ந்தால் பிரம்மனுக்கு ஒரு பகல், நம் கணக்கில் 432 கோடி ஆண்டுகள். பகல் முடிந்தால் ஒடுக்கம், மீண்டும் விடிந்தால் தோற்றம். அழிவு இந்த ஒழுங்குக்கு வெளியிலிருந்து வரும் விபத்தாகக் கருதப்படவில்லை. அதுவும் தன் முறை வரும்போது வருகிறது. இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்குச் சென்று திருவாலங்காட்டு நடராசர் திருமேனியின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 'தோற்றம் துடியதனில்' என்று தொடங்கும், உண்மை விளக்கம் என்ற சைவ சித்தாந்த நூலின் பாட்டு, உடுக்கையில் படைப்பையும், அமைத்த கையில் காப்பையும், தீயில் அழிப்பையும், ஊன்றிய திருவடியில் மறைப்பையும், தூக்கிய திருவடியில் அருளையும் வைக்கிறது. ஐந்தும் ஒரே ஆட்டத்தில், ஒரே கணத்தில் நிகழ்கின்றன. ஒற்றைக் காலில் நிற்கும் உருவம் விழாமல் இருப்பது அது அசையாமல் நிற்பதால் அன்று, ஆடிக்கொண்டே இருப்பதால்.

சூழல் அறிவியலோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். இயற்கை தன்னைத்தானே ஒரு நிலையான சமநிலைக்கு மீட்டுக்கொள்ளும் என்ற பழைய படிமத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சூழலியலாளர் பலர் கைவிட்டனர். காட்டுத்தீயும் வெள்ளமும் புயலும் அழித்தும் புதுப்பித்தும் செல்லும் மாற்றமே இயல்பு என்று அவர்கள் பேசுகிறார்கள். இதைக் கண்டு, பார்த்தீர்களா, எல்லாம் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று கைதட்ட வேண்டாம். வேதக் கவி ஆறு நிற்காமல் ஓடுவதைக் கண்டு வணங்கினார். அதன் நீரளவை அளக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

அடுத்து, ருதமும் தர்மமும் கர்மமும் ஒன்றா என்ற கேள்வி. தொடர்புடையவை; ஒன்றல்ல. ருதம் என்ற சொல் பிற்கால நூல்களில் மெல்ல மங்கி, தாங்குவது என்ற பொருளுடைய தர்மம் அதன் இடத்தைப் பிடிக்கிறது. இந்த மாற்றத்தில் ஒன்று கைநழுவிப் போனது. ருதம் சூரியனுக்கும் ஆற்றுக்கும் அரசனுக்கும் பொதுவாக இருந்தது. தர்மமோ பெரும்பாலும் மனிதரின் கடமைகளைப் பற்றியதாக, அதிலும் யார் எந்தக் குலத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்த கடமைகளைப் பற்றியதாகச் சுருங்கியது. கர்மம் இன்னும் தனியானது: ஓர் உயிர் செய்ததன் பயன் அந்த உயிருக்கே வந்து சேரும் என்பது அதன் அடிப்படை. ஒரு நகரத்தின் மழையை ஒரு தனிமனிதனின் வினைக்கணக்கில் எழுதுவதற்கு அந்தக் கோட்பாட்டின் உள்ளேயே எளிதான வழியில்லை.

பேரண்ட ஒழுங்கு என்ற கருத்துக்கு ஓர் இருண்ட முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிப்பது நேர்மையாகாது. இயற்கையின் ஒழுங்கும் சமூகத்தின் ஒழுங்கும் ஒன்றே என்று ஏற்றுக்கொண்டால், சமூகத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வு அனைத்தும் சூரியோதயத்தைப் போல மாற்ற முடியாதது என்ற முடிவுக்கு வந்துவிடலாம்; சாதிக்கு அப்படித்தான் நியாயம் கற்பிக்கப்பட்டது. வேதியர்க்கு ஒரு மழை, நீதி மன்னர்க்கு ஒரு மழை, கற்புடை மங்கையர்க்கு ஒரு மழை என்று விவேக சிந்தாமணி கணக்குச் சொல்கிறது. மும்மாரி பெய்யட்டும் என்று வாழ்த்துவதில் குற்றமில்லை. ஆண்டாளும் 'தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து' என்றுதான் பாடினாள். ஆனால் மழை பெய்யாதபோது, எந்தப் பெண் நடத்தை தவறினாள் என்று தேடும் ஊர் எப்படிப்பட்ட ஊராக இருக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இதைவிடக் கொடியது சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் இருக்கிறது. கோவலன் கொலையுண்டபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் வெப்புநோயும் பரவ, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று கண்ணகிக்குக் களவேள்வி செய்தான், நாடு மலிய மழை பெய்தது என்று அது சொல்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரம் பேர். குலைந்த ஒழுங்கை மீட்பது என்ற பெயரில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஒரே பருவத்தில் வந்து இறங்குவதை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளத்தான் தொண்டை மண்டலத்தார் ஏரிகளைச் சங்கிலியாக அமைத்தார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும், கடைசியில் சதுப்பும் கடலும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. தென்சென்னையின் பல ஏரிகளில் மிஞ்சிய நீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடமாகவும் சாலையாகவும் மாறியபின், எஞ்சியதற்கு 2022இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியபோது, நீர் தான் வழக்கமாகப் போகும் வழியில்தான் போயிற்று. அந்த வழியில் உங்கள் வீடு இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, நீரைத் தேக்க வேண்டிய ஏரிகள் வறண்டு கிடக்க, 2019 ஜூலையில் சோலையார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இதில் எந்தத் தெய்வத்தின் சினமும் இல்லை, உங்கள் முற்பிறவியும் இல்லை. ருதம் குலைந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னதை நான் மாற்றிச் சொல்வேன்: ருதம் குலையவே இல்லை, அது தன்பாட்டுக்கு நடந்தது, முறை தவறியவர்கள் மேல்மடையில் இருந்தவர்கள், வீடு கட்ட இடம் விற்றவர்கள், வாங்கிய நாமும்.

கடைசியாக ஜபம். மழை வேண்டுவோன் காரீரி என்ற இஷ்டியை, அதாவது வேள்வியை, செய்யட்டும் என்று வேதத்திலேயே விதி உண்டு. செய்தும் பலன் கிட்டாவிட்டால் என்ன என்ற கேள்வியும் பழையதுதான். மகப்பேற்றுக்கான வேள்வியை எடுத்துக்காட்டி வேதம் பொய்யாகிறதே என்று எதிர்தரப்பார் கேட்பதைப் பழைய தர்க்க நூலான நியாய சூத்திரமே பதிவு செய்துவிட்டு, செயலிலோ செய்பவரிலோ கருவியிலோ குறை இருந்திருக்கும் என்று விடை சொல்கிறது. இந்த விடை என்னை நிறைவு செய்யவில்லை, ஏனென்றால் எந்தத் தோல்வியையும் இதைக் கொண்டு விளக்கிவிடலாம். ஆயினும் ஜபம் செய்பவர்களை நான் ஏளனம் செய்ய மாட்டேன். வருணனிடம் போவது என்றால் வசிட்டரைப் போல என் பிழை என்ன என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

ஒருமுறை மதுராந்தகம் சென்று வாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்தில் அந்தப் பெரிய ஏரியின் கரை மழைதோறும் உடைந்துகொண்டிருந்ததாம். கரை நின்றால் தாயார் சன்னிதியைக் கட்டித் தருகிறேன் என்று அவர் கோயிலில் வாக்களித்தார் என்றும், ஒரு பெருமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவர் வில்லேந்திய இரு இளைஞர் அங்கே காவல் நிற்பதைக் கண்டார் என்றும் ஊரார் சொல்வார்கள். அன்று முதல் அந்தப் பெருமாளுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர். ஐப்பசி, கார்த்திகையில் போனால், கோயிலில் சேவித்துவிட்டு அப்படியே கரைமேல் ஏறி, நிரம்பிய ஏரியின் உபரி நீர் கிளியாற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டு வரலாம்.